கடிதம் போடும் ரசிகர்கள்



1948 நவம்பர் மாத இதழில், அமெரிக்காவின் 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்ஷன்' பத்திரிகை ஒரு வாசகர் கடிதத்தை வெளியிட்டது. இதழில் வந்த கதைகளை அலசி, எது முதலிடம், எது சுமார், எது தேறாது என்று வரிசைப்படுத்தி எழுதுவது அந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு வழக்கம். இவரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் அவர் அலசியிருந்தது 1949 நவம்பர் இதழை! இன்னும் ஒரு வருடம் கழித்து வரவேண்டிய இதழ் அது. யாரும் எழுதாத கதைகளுக்குத் தலைப்பு வைத்து, இன்னார் எழுதியது என்று பெயரும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியிருந்தார்.

ஆசிரியர் ஜான் கேம்பெல் கடிதத்தை அச்சிட்டதோடு நிற்கவில்லை. அந்தக் கடிதத்தில் பெயர் வந்த எழுத்தாளர்களைப் பிடித்து, அந்தத் தலைப்புகளிலேயே கதை கேட்டு வாங்கினார். 1949 நவம்பர் இதழ் கடைக்கு வந்தபோது தியடோர் ஸ்டர்ஜன், வான் வோக்ட், லெஸ்டர் டெல் ரே, ஸ்ப்ரேக் டி கேம்ப் என்று கடிதத்தில் சொன்ன பெயர்கள் வரிசையாக உள்ளே இருந்தன. ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'கல்ஃப்' கதையும் இருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 'கல்ஃப்' என்ற தலைப்புக்கு என்ன எழுதலாம் என்று ஹைன்லைன் வீட்டில் யோசித்தபோது, செவ்வாய்க் கிரகவாசிகள் வளர்த்த மனிதக் குழந்தையைப் பற்றி எழுதலாமே என்று அவர் மனைவி வர்ஜீனியா சொன்னார். அது ஒரு பத்திரிகைக் கதைக்குள் அடங்காது என்று தோன்றியதால், அதை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு கதை எழுதிக் கொடுத்தார் ஹைன்லைன். ஒதுக்கிவைத்த கதைதான் 1961-இல் 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' என்ற நாவலாக வந்தது. ஒரு வாசகர் தபாலில் போட்ட கடிதம், இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற அறிவியல் நாவல்களில் ஒன்றுக்கு வித்தாகியிருக்கிறது. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை வேறு என்ன வேண்டும்!

இந்த மாதம் அறிவியல் நாவல்களின் ரசிகர்களையும் ஹெவி மெட்டல் இசையின் ரசிகர்களையும் சேர்த்தே இந்தப் பக்கத்தில் பேச நினைத்தேன். இரண்டையும் சேர்த்துப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் நமக்கு வரும் கடிதங்களைப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. 'டியூன்' நாவலைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர் ஐந்தாவது பக்கத்தில் அயர்ன் மெய்டனுக்கு வந்துவிடுகிறார். இரண்டு கூட்டமும் பெரிய அளவில் ஒரே கூட்டம்தான். இரண்டையுமே வெளியாட்கள் பல காலம் பொருட்படுத்தவில்லை. ஒன்றைச் சிறுபிள்ளைக் கதை என்றார்கள், மற்றொன்றை வெறும் சத்தம் என்றார்கள். விமர்சகர்கள் கைவிட்ட இடத்தில் ரசிகர்களே விமர்சகர்களானார்கள், பதிப்பாளர்களானார்கள், கடைசியில் படைப்பாளிகளும் ஆனார்கள். இந்த இரண்டு கலைகளும் ரசிகர்களின் அபிப்பிராயத்தால் வளர்ந்தவை என்பது என் உறுதியான எண்ணம்.

ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 1926 ஏப்ரலில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அது. கொஞ்ச நாளில் வாசகர் கடிதப் பகுதியும் தொடங்கியது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் அச்சிட்டார்கள். சாதாரண விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஊரில் தன்னைப் போல ஒருவர்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்களுக்கு, பக்கத்து மாநிலத்தில் தன்னைப் போலவே ஒருவன் இருக்கிறான், இன்ன தெருவில் இன்ன கதவிலக்கத்தில் இருக்கிறான் என்று தெரிந்துவிட்டது. பத்திரிகைக்கு எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். சங்கம் வைத்தார்கள். 1930-இல் 'தி காமெட்' என்ற பெயரில் ரசிகர்களே ஒரு சிற்றிதழ் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆசிரியராக இருந்த ரே பால்மர், எட்டு வருடம் கழித்து அதே 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழுக்கே ஆசிரியரானார். 1939 மார்ச்சில் ஒரு புது எழுத்தாளரின் முதல் கதையை அவர் வெளியிட்டார். அந்த எழுத்தாளரும் அதற்குமுன் பத்திரிகைகளுக்கு வாசகர் கடிதமாக எழுதித் தள்ளிய ஓர் இளைஞர்தான். பெயர் ஐசக் அசிமோவ்.

கேம்பெல் தமக்கு வந்த கடிதங்களைப் படித்ததோடு விடவில்லை. வாசகர்கள் கதைகளுக்குக் கொடுத்த இடங்களைக் கூட்டிக் கணக்குப் போட்டு, பிந்தைய இதழில் பட்டியலாகவே அச்சிட்டார். பிற்காலத்தில் முதலிடம் வந்த கதைக்குக் கூடுதல் சன்மானமும் கொடுத்தார். ரசிகரின் ஒரு தபால் அட்டை எழுத்தாளரின் வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஹெவி மெட்டல் பக்கம் வந்தால், காகிதத்தின் இடத்தில் கேசட். 1980-களின் தொடக்கத்தில் வானொலி இந்த இசையைத் தொடவில்லை, பெரிய கம்பெனிகளும் பெரும்பாலும் திரும்பிப் பார்க்கவில்லை. ரசிகர்கள் தங்களிடம் இருந்த பதிவுகளை கேசட்டில் நகலெடுத்துத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். ஒரு கேசட் போனால் ஒரு கேசட் வரும். கூடவே ஒரு கடிதமும் வரும், மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் எப்படி, கிட்டார் எங்கே தடுமாறுகிறது என்று. லாஸ் ஏஞ்சலஸில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த பிரையன் ஸ்லேகல் என்ற ரசிகர், முதலில் ஒரு சிற்றிதழ் நடத்தினார். பிறகு 1982-இல், யாருக்கும் தெரியாத குழுக்களின் பாடல்களைத் தொகுத்து 'மெட்டல் மேசக்கர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதன் கடைசிப் பாட்டு, டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிச் என்ற மற்றொரு ரசிகர் சேர்த்த குழுவுடையது. உறையில் அந்தக் குழுவின் பெயரில் எழுத்துப்பிழை வேறு. மெட்டாலிக்கா என்ற அந்தப் பெயரே, நண்பர் ஒருவர் தன் சிற்றிதழுக்காக யோசித்து வைத்திருந்த பெயர்களில் ஒன்று. அதே ஆண்டு அவர்கள் பதிவுசெய்த டெமோ கேசட் கைமாறிக் கைமாறி நியூ ஜெர்சியில் சந்தையில் இசைத்தட்டு விற்றுக்கொண்டிருந்த ஜான் ஜசூலாவிடம் போய்ச் சேர்ந்தது. வேறு யாரும் முன்வராததால் அவரே ஒரு கம்பெனி தொடங்கி 1983-இல் அவர்களுடைய முதல் ஆல்பத்தை வெளியிட்டார். ரசிகர் சொல்லி ரசிகர் கேட்டு, ரசிகரே முதல் போட்டு நடந்த காரியம் அது.

இந்த இரண்டு ஆறுகளும் எங்கே கலந்தன? என்னைக் கேட்டால் பர்மிங்ஹாமில் என்பேன். பின்னாளில் பிளாக் சப்பாத் குழுவில் கிட்டார் வாசித்த டோனி ஐயோமிக்கு அப்போது 17 வயது. அவர் வேலை பார்த்த தகரப் பட்டறையில் இயந்திரம் அவருடைய வலதுகை நடுவிரலின் நுனியையும் மோதிர விரலின் நுனியையும் வெட்டிவிட்டது. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்திகளை அழுத்தும் கை வலதுகைதான். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டிப் போட்டுக்கொண்டார். தந்தி விரலை வருத்தாமல் இருக்க மெல்லிய தந்தி தேடினார். பின்னர் சுருதியையும் இறக்கினார். அந்தக் கனத்த, இருண்ட நாதம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1970-இல் வந்த 'பேரனாய்ட்' ஆல்பத்தில் 'அயர்ன் மேன்' பாட்டு, எதிர்காலத்துக்குப் போய் உலகம் அழிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உடல் எஃகாக இறுகிப்போன ஒருவனின் கதை. எச்சரிக்க வந்தவனை யாரும் மதிப்பதில்லை. அந்தக் கோபத்தில் அவனே அந்த அழிவுக்குக் காரணமாகிறான். ஒரு சிறந்த அறிவியல் சிறுகதைக்கு வேண்டிய திருப்பம் ஆறு நிமிடத்தில் இருக்கிறது. பாடல் வரிகளை எழுதிய கீசர் பட்லர் அறிவியல் கதைகளை விரும்பிப் படித்தவர் என்பது கேட்டாலே தெரியும். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தைப் பெரிய பத்திரிகைகள் கிழித்துப் போட்டன. ரசிகர்கள் விடவில்லை. 2025 ஜூலை 5-ஆம் தேதி அதே பர்மிங்ஹாமில், வில்லா பார்க் மைதானத்தில் அவர்களுடைய கடைசிக் கச்சேரி நடந்தது. அடுத்த சில நாட்களில், 22-ஆம் தேதி, குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் காலமானார்.

எழுத்தாளரே மேடையேறிய கதையும் உண்டு. நாவலாசிரியர் மைக்கேல் மூர்காக் ஹாக்விண்ட் குழுவோடு சேர்ந்து மேடையில் வாசித்தார், அவர்களுக்கு எழுதியும் கொடுத்தார். பின்னர் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவுக்கும் பாட்டு எழுதினார். இதற்கு நேர் எதிர் ஃபிராங்க் ஹெர்பர்ட். அவருடைய 'டியூன்' நாவலை வைத்து அயர்ன் மெய்டன் ஒரு பாட்டு அமைத்து, அதே பெயரைச் சூட்ட அனுமதி கேட்டது. தமக்கு ராக் குழுக்களே பிடிக்காது, அதிலும் இந்த மாதிரிக் குழுக்கள் அறவே பிடிக்காது என்று ஹெர்பர்ட் தரப்பிலிருந்து பதில் வந்தது. அதனால் 1983-இல் அந்தப் பாட்டு 'டு டேம் எ லேண்ட்' என்ற பெயரோடு வெளிவந்தது.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. 'டியூன்' நாவலை இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் 1965-இல் அதை வெளியிட்டது, கார் பழுதுபார்க்கும் கையேடுகள் போட்டுக்கொண்டிருந்த சில்டன் நிறுவனம். மறு ஆண்டு ஹ்யூகோ விருதை ரோஜர் ஸெலாஸ்னியின் நாவலோடு பகிர்ந்துகொண்டது. ஹ்யூகோ ரசிகர்கள் வாக்களித்துத் தரும் விருது. ரசிகர்கள் கை தூக்கி நிறுத்திய நாவலின் ஆசிரியர், வேறொரு வாசலில் வந்து நின்ற ரசிகர்களை உள்ளே விட்டிருக்கலாம்.

பாட்டைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், வரிகளைவிட இசை நன்றாக இருக்கிறது. நாவலின் பெயர்ச்சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறது பாட்டு. படிக்காதவருக்கு ஒன்றும் புரியாது. ஆனால் நடுவில் பேஸ் கிட்டாரும் மற்ற கிட்டார்களும் சேர்ந்து ஓடும் இடத்தில் அந்தப் பாலைவனம் கண்முன் விரிகிறது. ஒரு நாவலை இசையாக்குகிறவர் கதைச்சுருக்கம் சொல்லக் கூடாது, அந்த உலகத்தின் காற்றைக் கொடுத்தால் போதும் என்பது என் கட்சி. அந்த வகையில் கனடாவின் வொய்வோட் குழுவை மிக உயரத்தில் வைப்பேன். கியூபெக் மாகாணத்தில் அலுமினிய ஆலைகள் சூழ்ந்த ஜோன்கியேர் ஊர்ப் பையன்கள் அவர்கள். டிரம்ஸ் வாசித்த மிஷேல் லாஞ்ஜவேன் தாமே ஒரு பாத்திரத்தைப் படைத்து, உறைப்படங்களையும் வரைந்து, ஆல்பத்துக்கு ஆல்பம் கதையை வளர்த்தார். 1988-இல் வந்த 'டைமென்ஷன் ஹாட்ராஸ்' கேட்டுப் பாருங்கள். கிட்டார் ஸ்வரங்களே வேற்றுலகத்தின் பேச்சுபோல ஒலிக்கும்.

இதற்கு மாறாக, கதையை முழுசாகச் சொல்லியும் வென்ற ஒரு பாட்டு இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஸ்வீடன் கவிஞர் ஹாரி மார்ட்டின்சன் 1956-இல் 'அனியாரா' என்ற நெடுங்கவிதையை வெளியிட்டார். பூமியை விட்டுச் செவ்வாய்க்குக் கிளம்பிய கப்பல் ஒன்று பாதை தவறி, திரும்ப வழியே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும் கதை. அதே நாட்டின் செவன்த் வொண்டர் குழு 2010-இல் அதை அரைமணி நேரப் பாட்டாக்கியது. கேட்டு முடித்ததும் நான் கொஞ்ச நேரம் வேறு எதையும் கேட்கவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். அறிவியல் கதைக்குத் தமிழில் பெரும் வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவர் சுஜாதா. 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது ஜீனோ என்ற ரோபோ நாயைத் தம் வீட்டுச் செல்லமாகவே வரித்துக்கொண்ட வாசகர்கள் அநேகம். இசைப் பக்கம், 2007 மார்ச் 17-ஆம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்த இரவைப் பற்றி இன்றும் பேசுகிறவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள், அபிப்பிராயங்களும் இருக்கின்றன. அவை ஏட்டில் ஏறாமல் இருக்கின்றன என்பதுதான் என் ஆதங்கம்.

'சூப்பர்', 'மொக்கை' என்ற இரண்டு சொற்களில் முடித்துவிடுகிற அபிப்பிராயத்தால் எழுதியவருக்கும் பயனில்லை, வாசித்தவருக்கும் பயனில்லை. கேசட்டோடு கடிதம் அனுப்பிய அந்த ரசிகர்கள், எந்தப் பாட்டில் எந்த இடம் என்று சொன்னார்கள். கேம்பெலுக்கு எழுதியவர்கள், கதையில் ராக்கெட் வேகத்தின் கணக்கு தப்பு என்று தாளில் போட்டுக் காட்டினார்கள். அந்த அக்கறையோடு நீங்களும் எழுத வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த ஓர் அறிவியல் நாவல், அல்லது கேட்ட ஒரு ஹெவி மெட்டல் ஆல்பம், எதையாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் நாவலாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி. எந்த அத்தியாயம், எத்தனையாவது நிமிடம் என்று இடம் சுட்டி, ஏன் பிடித்தது அல்லது ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். மேலே நான் சொன்ன தீர்ப்புகளோடு உடன்படாதவர்கள் முதலில் எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்கள் கடிதங்களுக்கே விட்டுத் தருகிறேன். கதவிலக்கம் வேண்டாம், பெயரும் ஊரும் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்