துணிச்சலா, அவசரமா?

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயிலில் சூளூர்பேட்டையில் இறங்கி, பழவேற்காடு ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கே எஸ்.எல்.வி.-3 ராக்கெட் புறப்படத் தயாராக நின்றது. கடைசி நிமிடங்களில் கணினி ‘நிறுத்து’ என்றது. திட்டத்தை நடத்திய அப்துல் கலாம் வல்லுநர்களைக் கேட்டார். கவலை வேண்டாம் என்றார்கள். கணினியை ஒதுக்கிவிட்டு ஏவச் சொன்னார். முதல் கட்டம் சரியாகத்தான் எரிந்தது. இரண்டாம் கட்டத்தில் கோளாறு. ஐந்து நிமிடச் சொச்சத்தில் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. இதைக் கலாமே பின்னாளில் மேடைகளில் ஒளிக்காமல் சொன்னார்.

அவரை அவசரக்காரர் என்று இன்று யாரும் சொல்வதில்லை. அன்று பத்திரிகையாளர் முன்னால் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். கோளாறு எங்கே என்று தேடினார்களே தவிர, கலாமின் சுபாவத்தைக் குடையவில்லை. 1980 ஜூலை 18 அன்று அடுத்த ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்காமல் போயிருந்தால், அதே துணிச்சலுக்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம்.

எச்சரிக்கைக்காரர்களுக்கோ, சொன்னது பலித்தாலும் நல்ல பெயர் நிச்சயமில்லை. குளிரில் ஏவினால் ஆபத்து என்று 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் கிளம்புமுன் வாதாடியவர் அமெரிக்கப் பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி. மேலாளர்கள் கேட்கவில்லை; 7 பேர் இறந்தார்கள். அவர் சொன்னதே பலித்தது. ஆனாலும் விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காகச் சக ஊழியர்களே அவரை ஒதுக்கினார்கள்.

ஆண், பெண் என்று வந்துவிட்டால் தராசு இன்னும் கோணலாகிறது. 2019 செப்டம்பர் 7 அன்று நிலவில் இறங்கவிருந்த விக்ரம் லேண்டருடன் தொடர்பு அறுந்தபோது இஸ்ரோ தலைவர் கே.சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுதார். அதில் அர்ப்பணிப்பைக் கண்டு நெகிழ்ந்தவர்கள் ஏராளம். நெகிழ்ந்தது நியாயமே. அந்தச் சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநர் எம்.வனிதா என்ற பெண். அந்தக் கண்ணீர் அவருடையதாக இருந்திருந்தால், ‘பொம்பளை மனசு, தாங்கல’ என்று டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதியிருக்க மாட்டோமா?

சரி, அழாமல் கறாராக இருந்தால்? பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்காய்வு நிறுவனத்தில் 1982-இல் கூட்டாளி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட 88 பேரில் ஒரே பெண் ஆன் ஹாப்கின்ஸ். பெரிய அரசு ஒப்பந்தத்தை வாங்கித் தந்தவர். பதவி கிடைக்கவில்லை, இன்னும் பெண்மையோடு நடக்க, பேச, உடுத்த வேண்டும், ஒப்பனை செய்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரைதான் கிடைத்தது. வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், பாலின முத்திரையும் பாகுபாடே என்ற தீர்ப்பு 1989-இல் வந்தது.

நம் அலுவலகங்களின் வருடாந்திர மதிப்பீட்டுப் படிவங்களிலும் குணத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ‘கண்டிப்பானவர்’ என்று அதில் ஆணுக்கு எழுதும் கையே, பெண்ணுக்கு ‘அனுசரித்துப் போகத் தெரியாதவர்’ என்று எழுதிவிட முடியும். அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம். எந்த முடிவை, எந்தத் தகவலை வைத்து, யாரைக் கேட்டு எடுத்தார் என்று நிரப்பச் சொன்னால், எழுதுபவருக்கு வேலை கொஞ்சம் கூடும். கூடட்டும்.