கிலோக் கணக்கில் மறைந்திருக்கும் நட்டம்

பொலித்தீன் வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள எம்மவர்கள் பலர், கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைப்பதற்காக அரைமணி நேரம் பேரம் பேசுவார்கள். ஆனால் விற்பவர் சொல்லும் 'வேர்ஜின்', 'கல்சியம்', 'கேஜ்' போன்ற சொற்களுக்கு விளக்கம் கேட்பதில்லை. பேரத்தில் மிச்சம் பிடித்ததைவிட அதிகம் அங்கேதான் போகிறது என்பது எனது அபிப்பிராயம்.

'வேர்ஜின்' என்பது ஆலையிலிருந்து வந்த பின் ஒரு தடவையும் உருக்கப்படாத பிளாஸ்டிக் மணி. எமது நாட்டில் இது உற்பத்தியாவதில்லை. சப்புகஸ்கந்தையில் சுத்திகரிக்கப்படுவது எரிபொருளே. ஆகவே மணி முழுவதும் இறக்குமதிதான். 'ஓஃப் கிரேட்' என்பதும் புதிய மணியே, ஆனால் ஆலையின் தரப் பரிசோதனையில் தவறியது. அதை வாங்குவதில் பிழையில்லை. வேர்ஜின் விலைக்கு வாங்குவதுதான் பிழை.

அதிகம் ஏமாற்றுவது கல்சியம், அதாவது சுண்ணாம்புக்கல் தூள். மணியை விட மலிவானது, ஆனால் ஏறத்தாழ மூன்று மடங்கு பாரமானது. பொலித்தீனின் அடர்த்தி 0.92 அளவில் இருக்க, இதன் அடர்த்தி 2.7. நிறையில் 30 வீதம் கல்சியம் கலந்தால், ஒரு கிலோவில் 100 பேக் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவில், அதே தடிப்பில் 80 பேக்தான் இருக்கும். கடைக்காரர் பேக்கை எண்ணித்தான் செலவழிக்கிறார், நிறுத்தல்ல. பேக்குக்கு விறைப்பும் அச்சுப் பிடிப்பும் கொடுக்க ஓரளவு கல்சியம் சேர்ப்பதுண்டு, அது குற்றமல்ல. சொல்லாமல் சேர்ப்பதையே நான் ஆட்சேபிக்கிறேன்.

'கேஜ்' தடிப்பின் அளவு. 100 கேஜ் சுமார் 25 மைக்ரோன். சட்டம் பேசுவது மைக்ரோனில். 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. அது ஏறத்தாழ 80 கேஜ். இந்தக் கணக்குத் தெரியாதவர் தடைசெய்யப்பட்ட சரக்கையும் மலிவென்று நினைத்து வாங்கிவிடலாம்.

பற்றுச்சீட்டில் கிலோவுடன் தடிப்பு, கல்சிய வீதம், ஒரு கிலோவுக்கு எத்தனை பேக் என்பனவற்றையும் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்குபவரிடம் ஒரு துண்டு கேட்டு வாங்கி, சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் காற்றுக் குமிழியின்றி அமிழ்த்தி விடுங்கள். சுத்தமான பொலித்தீன் மேலே வரும், 30 வீதம் கலந்தது அடியிலேயே கிடக்கும். பத்து வீதம் கலந்ததும் மிதக்கத்தான் செய்யும். மீள்சுழற்சி மணியையும் தண்ணீர் காட்டிக்கொடுக்காது. அதற்கு எழுத்தில் வாங்குவதே வழி.