செடி ஒன்று, நீதி இரண்டா?

பகற்பொழுதின் நீளத்தைப் பாராது, வயது வந்ததும் தானே பூக்கும் கஞ்சாச் செடியை மடவளைக் கமக்காரர் ஒருவர் வீட்டறைக்குள் விளக்கொளியில் வளர்த்தால், 1929ஆம் ஆண்டின் அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும். அதே கஞ்சாவை ஏற்றுமதிக்காகப் பயிரிட, 2025இல் இலங்கை முதலீட்டுச் சபை வெளிநாட்டு முதலீட்டாளர் எழுவருக்கு அனுமதி அளித்தது.

போதைக்கு வாசல் திறக்குமாறு நாம் கேட்கவில்லை. மிளகும் கராம்பும் விளைவித்துப் பழகிய கண்டிக் கமக்காரரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அதே காவல், அதே நிபந்தனைகளின் கீழ் உத்தரவுப் பத்திரம் வழங்கினால் என்ன குறை?

சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை. அச்சமத்துவம் மூலதனம் படைத்தோருக்கு மட்டுமா? அரசாங்கம் விடை கூறட்டும். கமக்காரரோ சட்டத்தை மீறாது, ஒன்றுபட்டு உரிமை கேட்பாராக!