எங்கள் சுவரில் எங்கள் பூநாரை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கத்தைக் கடந்து போகிறவர்கள், அண்மையில் வண்ணம் தீட்டிய ஒரு பொதுச் சுவரைப் பார்த்திருக்கலாம். மேலே 'இயற்கையைக் காப்போம்' என்று கொட்டை எழுத்து. கீழே பனி மூடிய மலை, இலையெல்லாம் சிவந்த மரங்கள், பெரிய மஞ்சள் அலகோடு ஏதோ வெளிநாட்டுப் பறவை. எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பனி, மார்கழிக் காலையில் புல்லில் நிற்பது மட்டும்தான்.

வரைந்தவர் மேல் எனக்கு வருத்தமில்லை. வெளியூர்க்காரர், கைபேசியில் காட்டிய படத்தைப் பார்த்து, பேசிய கூலிக்கு வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு மாலை ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த மதிலருகே போய் நின்றிருக்கலாமே! உப்பங்கழியும் மணல்திட்டும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். பருவத்தில் கழிப்பக்கம் பூநாரையும் கூழைக்கடாவும் வரும். மணலெங்கும் அடும்பங்கொடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கும். தை, மாசி இரவுகளில் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். தெற்கே மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி 2024-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைச் சரணாலயங்கள் 2022-இலேயே சேர்ந்துவிட்டன. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார், கடப்பாக்கம் இருக்கும் இதே இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். கடற்கரைத் தாழையையும் புன்னையையும் அவர் அந்தப் பாட்டில் வைத்திருக்கிறார். அவர் ஊர்ச் சுவரில் தாழைக்கு இடமில்லை.

நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன். ஒருநாள் வகுப்பில் நண்டு வரையச் சொன்னேன். எல்லோரும் உருண்டை உடம்பும் கம்பிக் கால்களுமாக வரைந்தார்கள். குப்பத்துப் பையன் ஒருவன் மட்டும் முதுகில் மூன்று வட்டப் புள்ளி வைத்தான். கடைசி ஜோடிக் காலைத் துடுப்புபோலத் தட்டையாக இழுத்தான். ஏன் என்று கேட்டேன். "அதாலதான் சார் அது நீந்தும்" என்றான். அவன் அப்பா வலையிலிருந்து தினமும் கழற்றிப் போடுகிற மூன்று புள்ளி நண்டு அது. அத்தனை வருடம் அதைக் குழம்பில் பார்த்த எனக்கு அந்தக் கால் கண்ணில் பட்டதே இல்லை. அந்த மாதிரிப் பிள்ளைகள்தான் சாலையோரம் நின்று, பெயர் தெரியாத பறவைக்கு வேறொருவர் மஞ்சள் பூசுவதை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு தூரிகையைக்கூட யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

இதே சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலால் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். 1,300 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி தன் கண்ணெதிரே பார்த்த மான். சென்னைக் கண்ணகி நகரில் 2020 வாக்கில் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டியபோது, அங்கே வாழும் பிள்ளைகளின் முகங்களையே ஒரு சுவரில் வரைந்தார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் இணையத்திலிருந்து இறக்கிய படம்?

ஊரில் யாருக்கும் வரையத் தெரியாது என்று சொல்வார்களானால், விடியற்காலையில் எந்தத் தெருவிலாவது நடந்து பார்க்கட்டும். புள்ளி பிசகாமல் கோலம் போடுகிற கைகள் வாசலுக்கு வாசல் இருக்கின்றன.

சுவருக்குப் பொறுப்பானவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. பொதுச் சுவருக்கு வண்ணம் பூசும்போது, அதில் என்ன வரைவது என்று முதலில் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் படம் வாங்குங்கள். ஆமையும் நண்டும் சரியாக வந்திருக்கிறதா என்று மீனவர்களிடமும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களிடமும் காட்டுங்கள். சுவரில் இடம் கிடைக்காத படங்களை நூலகத்தில் மாதம் ஒருமுறை மாற்றி மாற்றி மாட்டுங்கள். கோலம் போடுகிற பெண்களையும் அழையுங்கள்; பெரிய சுவரில் அளவு பிரிக்க அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தச் சுவரின் மறுபக்கம் இன்னும் வெறும் சுண்ணாம்போடுதான் நிற்கிறது. அதற்குப் பெயின்ட் வாங்குவதற்கு முன்பாவது எங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கடப்பாக்கம்.