பொருள் ஒருவரிடம், பொறுப்பு யாரிடம்?

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கும்போதே கிள்ளானில் உள்ள ஒரு வீட்டின் வரவேற்பறையில் நடக்க இடம் இருக்காது. மசாலைத் தூள் பொட்டலங்கள் நாற்காலிகளை நிரப்பியிருக்கும். முறுக்கு டப்பாக்கள் படிக்கட்டில் ஏறி நிற்கும். இரவு உணவு முடிந்ததும் குடும்பத்தினர் அனைவரும் தரையில் அமர்ந்து பெட்டிகளை மூடி, முகவரிச் சீட்டுகளை ஒட்டுவார்கள். மறுநாள் காலையில் தந்தை வேலைக்குப் போகும் வழியில் மூட்டைகளைக் கூரியர் கடையில் இறக்கிவிட்டுப் போவார். இணையத்தில் பொருள் விற்கும் மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழகிப்போன காட்சி. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின் இத்தகைய வீடுகள் பெருகின. கடையைத் திறக்க முடியாதவர்களும் வேலையை இழந்தவர்களும் கைப்பேசியையே கடையாக்கிக் கொண்டார்கள்.

நாளுக்குப் பத்துப் பெட்டிகள் என்றால் வீடு தாங்கும். எண்பது என்றால் தாங்காது. அந்த நிலையில்தான், "உங்கள் சரக்கை எங்களிடம் கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கிடங்கு, விநியோகச் சேவை நிறுவனங்கள் முன்வருகின்றன. விற்பவர் தம் சரக்கை மொத்தமாகக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். அங்கு அதை எண்ணி, பட்டைக்குறி ஒட்டி, அடுக்கில் வைப்பார்கள். இணையத்தில் ஒருவர் பொருளை வாங்கியதும் அந்தத் தகவல் நேரே கிடங்கின் கணினிக்குப் போகும். அங்குள்ள ஊழியர் பொருளை எடுத்து, பெட்டியிலிட்டுக் கூரியரிடம் ஒப்படைப்பார். விற்பவர் அந்தப் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை.

அமேசான் நிறுவனம் பிற வணிகர்களின் பொருள்களைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பும் சேவையை 2006ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. மலேசியாவில் 2017ஆம் ஆண்டு மின்னியல் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கப்பட்டபோது, சிறு வணிகர்களின் பொருள்கள் எல்லை தாண்டி விரைவாகச் செல்ல வேண்டும் என்பதே நோக்கமாகக் கூறப்பட்டது. இன்று ஷா ஆலாம், கிள்ளான், சிப்பாங் பகுதிகளில் பெரிய கிடங்குகளைச் சாலையிலிருந்தே காணலாம். மலாய் மொழியில் கிடங்கைக் 'குடாங்' என்பார்கள். அச்சொல்லுக்கும் நம் கிடங்குக்கும் உறவு உண்டு என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பிறர் சரக்கைக் காத்துத் தரும் தொழில் இந்தக் கரையோரத்துக்குப் புதிதன்று.

இச்சேவை வீண்செலவு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டு உழைப்புக்கு விலையே இல்லை என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். ஒரு பெட்டியைக் கட்டி முகவரி ஒட்ட நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், எண்பது பெட்டிகளுக்கு 320 நிமிடங்கள், அதாவது ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த நேரத்தில் புதிய மசாலையை அரைத்திருக்கலாம். பழைய வாடிக்கையாளருக்குப் பதில் எழுதியிருக்கலாம். பத்து மணிக்குப் படுத்திருக்க வேண்டிய மகன் நள்ளிரவு வரை ஒட்டுநாடாவோடு உட்கார்ந்திருப்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டியதே. எனவே, வளர்ந்துவரும் வணிகம் கிடங்கை நாடுவதில் தவறில்லை. "மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற சொல்லை முழுதாக நம்பிவிடுவதில்தான் தவறு இருக்கிறது.

அந்த 'மற்றது' என்பதில் பொறுப்பு அடங்காது. இணைய வணிகத்துக்கான பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள் 2013ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளன. விற்பவர் தம் பெயர், தொடர்பு எண், முழு விலை, பொருள் வந்துசேர ஆகும் காலம் முதலியவற்றை வாங்குபவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே கேட்கப்படுவது விற்பவரின் பெயரே. பெட்டியில் ஒன்று குறைந்தாலும், மிளகாய்த் தூளுக்குப் பதில் மல்லித் தூள் போய்விட்டாலும் வாங்கியவர் விற்றவரைத்தான் அழைப்பார். ஒரு நட்சத்திரம் கொடுத்துக் குறை எழுதும்போதும் அந்தக் கடையின் பெயருக்குக் கீழேதான் எழுதுவார். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. அங்கும் முதலில் விளக்கம் சொல்ல வேண்டியவர் விற்பனையாளர்தான். கிடங்கு எங்கே இருக்கிறது என்பதே வாங்கியவருக்குத் தெரியாது.

விற்பவருக்கும் கிடங்குக்கும் இடையிலான உறவோ வேறு. ஒருவர் தம் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்தால், சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. அந்தக் கவனத்தைக் காட்டியிருந்தால், பொருள் அழிந்தாலும் காத்தவர் ஈடு தர வேண்டியதில்லை. இருவரும் தனியே வேறு விதமாக உடன்படவும் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே, எல்லாம் அந்த ஒப்பந்தத் தாளில்தான் அடங்கியிருக்கிறது. பலர் கட்டணப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுவது வருந்தத்தக்கது.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சிலாங்கூரை மூழ்கடித்த வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். ஷா ஆலாமின் ஸ்ரீ மூடா பகுதியில் வீடுகளின் கூரைமேல் ஏறி மக்கள் உதவிக்குக் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் ஒரு கிடங்கின் கீழடுக்கை நனைத்துவிட்டால், அங்கிருந்த மசாலைக்கு யார் பணம் தருவது? கிடங்கின் காப்புறுதி கட்டடத்தை மட்டும் காக்கிறதா, பிறர் சரக்கையும் காக்கிறதா? ஈட்டுத் தொகை விற்பனை விலையில் கணக்கிடப்படுமா, கிலோவுக்கு இவ்வளவு என்று முடிந்துவிடுமா? கட்டணம் பாக்கி இருந்தால் சரக்கைத் தடுத்து வைக்கும் உரிமையையும் ஒப்பந்தங்கள் கிடங்குக்குத் தருவதுண்டு. தீபாவளிக்குப் பத்து நாளைக்கு முன் அப்படித் தடுக்கப்பட்டால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு முதலீடு முழுவதும் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கும்.

கட்டணத்தைப் பொறுத்தவரையும் கவனம் தேவை. ஒரு பொருளை எடுத்துக் கட்ட 3 ரிங்கிட், அதே பெட்டியில் சேரும் ஒவ்வொரு கூடுதல் பொருளுக்கும் 50 சென் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலத்தில் 4 ரிங்கிட் இலாபம் காணும் வணிகருக்கு, தனிப் பொட்டலமாக அனுப்பினால் 1 ரிங்கிட்தான் மிஞ்சும். மூன்று பொட்டலங்களை ஒரே பெட்டியில் அனுப்பினால் 8 ரிங்கிட் மிஞ்சும். ஆகவே, கிடங்கை நாடுபவர் பொருளைத் தொகுப்பாக விற்கவும் பழக வேண்டும்.

பெட்டியின் அளவும் பணத்தை விழுங்கும். கூரியர் நிறுவனங்கள் பல, நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணையும் எடையாகக் கொள்கின்றன. உண்மையான எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 30, 25, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி 3 கிலோ ஆகிவிடும். உள்ளே இருப்பது ஒரு கிலோ முறுக்காக இருக்கலாம். வீட்டில் தாய் பொருளுக்கேற்ற பெட்டியைத் தேடி எடுப்பார். கிடங்கில் அவசரத்தில் கைக்குக் கிடைத்த பெட்டியில் போட்டால், காற்றை அனுப்பவும் அந்தக் குடும்பமே பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பண்டிகைக் காலத்தில் இன்னொரு நெருக்கடியும் சேரும். சீனாவின் அலிபாபா நிறுவனம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிய நவம்பர் 11ஆம் நாள் மாபெரும் மலிவு விற்பனை இன்று நம் நாட்டிலும் பரவியுள்ளது. 2023ஆம் ஆண்டில் தீபாவளி நவம்பர் 12ஆம் நாள் வந்தது. அதாவது அந்த விற்பனைக்கு மறுநாள். அத்தகைய வாரத்தில் கிடங்கு ஊழியர்கள் மூச்சுவிட நேரமின்றி உழைப்பார்கள். ஆயிரக்கணக்கில் பெட்டிகள் அனுப்பும் பெரிய வணிகரின் சரக்கு முந்திக்கொள்ள, எண்பது பெட்டிக்காரரின் சரக்கு வரிசையில் நிற்கக்கூடும். தாமதத்துக்கான தண்டப் புள்ளி இணையச் சந்தையில் சிறு வணிகரின் கணக்கில்தான் ஏறும். அந்த வாரத்தில் நாளுக்கு எத்தனை பெட்டிகளை உறுதியாக அனுப்புவீர்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவநம்பிக்கை ஆகாது.

எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்தக் கிள்ளான் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். மசாலைத் தூள் உடையாது; மாதக்கணக்கில் கெடாது. அது கிடங்குக்குப் போகலாம். முறுக்கு எளிதில் நொறுங்கும். நாளானால் எண்ணெய் வாடை அடிக்கும். பண்டிகை முடிந்தபின் விற்காமல் தங்கும் முறுக்குக்கு, காலாவதி ஆகும்வரை கிடங்கு வாடகையும் கட்ட வேண்டும். அது வீட்டிலேயே இருக்கட்டும். கிடங்குக்கு அனுப்பும் தூளிலும் எந்த நாளில் அரைத்தது முதலில் வெளியே போக வேண்டும் என்பதைப் பெட்டியின்மேல் பெரிதாக எழுதிவிட வேண்டும். புதியது முன்வரிசையில் இருந்தால் ஊழியர் அதைத்தான் எடுப்பார்.

ஆகஸ்டு மாதத்தில் இருநூறு பொட்டலங்களை மட்டும் கிடங்கில் வைத்து, உறவினர் ஒருவர் பெயரில் தாங்களே ஒரு பொட்டலத்தை வாங்கிப் பார்க்கலாம். எத்தனை நாளில் வந்தது, எந்தப் பெட்டியில் வந்தது, மூடி கசிந்திருக்கிறதா என்பதெல்லாம் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். மாதக் கடைசியில் ஒரு முறை கிடங்குக்கு நேரில் போய், கணினி காட்டும் எண்ணிக்கையையும் அடுக்கில் இருப்பதையும் ஒப்பிட்டு எண்ண வேண்டும். எண்ண அனுமதிக்காத கிடங்கு என்றால், மீதிச் சரக்கை ஏற்றிவரும் லோரிக்கு அன்றே சொல்லிவிடலாம்.