அம்மாவின் சேமலாப நிதி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன், சென்ற வாரம் வகுப்பு முடிந்த பின் தயங்கித் தயங்கி நின்றான். "சேர், அம்மா குவைத்துக்குப் போகப் போறா. ஊழியர் சேமலாப நிதியை இப்பவே எடுக்கலாம் என்று ஏஜண்ட் சொல்றான். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போவதாக எழுதிக் கொடுத்தால் போதுமாம். செய்யலாமா?" என்று கேட்டான்.

தாயாருக்கு வயது 46. கொழுந்து பறித்தது 22 ஆண்டுகள். போவதோ ஈராண்டு ஒப்பந்தத்தில்.

இக்கேள்வி எங்கள் குடும்பத்துக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா சென்றவர்களுள் என் பாட்டனாரின் தம்பியும் ஒருவர். சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் உடன் கொண்டுசெல்லலாம் என்றும், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாவுக்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. அந்த 4,000 ரூபாவின் கதையை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் இரு நாட்டு ரூபாவும் ஒரே பெறுமதி உடையன. 4,000 கொடுத்தால் 4,000 கிடைக்கும். 1966 ஜூனில் இந்தியா தன் நாணயப் பெறுமதியைக் குறைத்ததும் அது ஏறத்தாழ 6,300 இந்திய ரூபா ஆயிற்று. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்தது; உடனே 5,040 அளவுக்கு இறங்கிற்று. லயத்துக் காம்பராவில் இருந்தவனுக்கு இவற்றுள் எதுவும் தெரியாது. அவன் அறிந்ததெல்லாம் பேர் பதிந்த நாட்களே.

சின்னப் பாட்டனார் 1972இல் 'அழுகைக் கோச்சி' ஏறித் தலைமன்னார் சென்று, இராமேசுவரம் கரையிறங்கினார். செக்ரோலில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் வேறொரு பெயர். ஆதலால் சில ஆண்டுப் பணம் அவர் கைக்கு வரவே இல்லை. வந்த பணத்திலும் பெரும்பகுதியை, நிலம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவன் கொண்டுபோனான். 1969இல் சென்னையில் தாயகம் திரும்பியோருக்கென ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டிருந்தது. அதன் வாசலை மிதிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்வாரில்லை. கடைசியில் நீலகிரியில் மறுபடியும் தேயிலைதான்!

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்நிதியைப் பெறலாம். நிரந்தரமாக நாட்டை விட்டுச் செல்வோர் அதற்கு முன்னரும் பெறலாம். ஈராண்டு ஒப்பந்தம் நிரந்தரக் குடியேற்றம் ஆகாது. அவ்வாறு எழுதிக் கொடுப்பது பொய்யுரை. ஏஜண்டுக்கு அவசரம் ஏன் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கையிருக்கும் பணத்தில்தானே அவன் பங்கு கேட்க முடியும்? எடுக்காது விட்டால் பணம் அழிந்துவிடாது. மத்திய வங்கியின் பொறுப்பில் ஆண்டுதோறும் வட்டி சேரும்.

தோட்ட வேலையை விட்டு விலகினால் அம்மாவுக்குச் சட்டப்படி வரவேண்டியது வேறொன்று உண்டு. அது 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான சேவைக்காலப் பணம். நாட்கூலியாளருக்கு ஆண்டொன்றுக்கு 14 நாள் வேதனம்; 22 ஆண்டுக்கு 308 நாட்கூலி, அதுவும் கடைசியாக வாங்கிய கூலி விகிதத்தில். விலகிய 30 நாட்களுக்குள் தோட்டம் அதனைக் கொடுக்க வேண்டும். தொழில் தருநர் மட்டுமே செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தையும் வேலை விட்டபின் கேட்கலாம். ஆனால் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான். பயணச் செலவுக்கு இவை போதுமா என்று பார்க்கட்டும். போதாவிடின், போகத்தான் வேண்டுமா என்பதையும் குடும்பத்தார் கூடியிருந்து பேசட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "அம்மாவின் அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கணக்குத் தாளும் இருக்கின்றனவா, தம்பி?" என்றேன். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர் இருந்தது. தாளில் வீட்டில் அழைக்கும் பெயர் மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை அவன் வகுப்புக்கு வரவில்லை. பிறப்புச் சான்றிதழோடு அம்மாவை அழைத்துக்கொண்டு ஹட்டன் தொழில் அலுவலகத்துக்குப் போயிருந்தானாம். வரவுப் பதிவேட்டில் நான் குறை எழுதவில்லை.