எம் பிள்ளைகளின் முதுசொம்

மரபுரிமை என்று நூல்கள் கூறுவதற்கு யாழ்ப்பாணத்தவரிடம் நெருக்கமான சொல்லொன்று உண்டு: முதுசொம். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, ஒருவரின் உடைமையை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கின்றது. முன்னோரிடமிருந்து வழிவழியாக வருவதே முதுசொம். காணியும் வீடும் உறுதி எழுதினால் பிள்ளைக்குச் சேரும். மொழியும் கலையும் அவ்வாறு சேர்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் கற்றே அவற்றைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கான சான்று பாரிஸ் நகரிலேயே உள்ளது. லாச்சப்பலிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், றிஷெலியு வீதியில், பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் சுவடிப் பிரிவு இருக்கின்றது. புதுச்சேரியில் பிரெஞ்சு அரசுப் பணியிலிருந்த எதுவார் அரியேல் திரட்டிய தமிழ் ஏட்டுச்சுவடிகள் அங்கே பேணப்படுகின்றன. 1854 இல் மறைந்த அவர், திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவருமாவார். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன், உ. வே. சாமிநாதையருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். இவர்கள் தமிழராய்ப் பிறந்தவரல்லர். கற்றதனால் அச்செல்வம் அவர்களுக்கு உரித்தாயிற்று.

எமது மண்ணில் நிகழ்ந்தது வேறு. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடம் பின்னர் மீள எழுந்தது; ஏடுகள் மீளவில்லை.

தீ ஓரிரவில் செய்ததை மறதி மெல்ல மெல்லச் செய்யும். தமிழைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் எம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனை வாசிக்கின்றனர்? வாசிக்கத் தெரியாதவர்க்கு, காக்கப்பட்ட ஏடும் எரிந்த ஏடும் ஒன்றே.

இதனால் என்ன இழப்பு என்று சிலர் வினவலாம். நாம் கையளித்த அகதி விண்ணப்பத்தில் எமது வாழ்வு சில பக்கங்களுள் அடங்கிவிட்டது. நாம் ஏன் ஓடிவந்தோம் என்பதை அது கூறும். அதற்கு முன் எவ்வாறு வாழ்ந்தோம் என்பதைக் கூறாது. அதனை அறியாத பிள்ளைக்குத் தன் குடும்பத்தின் வரலாறு போரிலிருந்தே தொடங்கும்.

மரபுரிமை ஏட்டில் மட்டும் இருப்பதுமன்று. 2003 இல் யுனெஸ்கோ இந்நகரில் நிறைவேற்றிய உடன்படிக்கை, வாய்மொழி வழக்குகள், நிகழ்த்து கலைகள், சடங்குகள், கைவினைத் திறன்கள் ஆகியவற்றையும் மரபுரிமையாக ஏற்றுள்ளது. அவ்வாறாயின் அம்மம்மாவின் தாலாட்டும், அப்பா சிறுவயதில் பார்த்த நாட்டுக்கூத்தும், ஊர்க் குளத்தின் பெயரும் அதனுள் அடங்குவனவே. அவற்றைக் காக்கப் பெரும் பொருள் வேண்டியதில்லை.

வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள். ஊர்க் கடிதங்களையும் விழா மலர்களையும் குப்பையில் இடாதீர்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் மின்வடிவில் பேணி வருகின்றது. முதியோரின் நினைவுகளைத் தொலைபேசியிலேனும் ஒலிப்பதிவு செய்யுங்கள். பின்னர் அதில் ஐந்து வரிகளைப் பிள்ளையே தன் கையால் தமிழில் எழுதட்டும். பிழை வந்தால் திருத்துங்கள், ஏசாதீர்கள். அவ்வைந்து வரிகளிலிருந்தே முதுசொம் பிள்ளையின் கைக்கு மாறத் தொடங்கும்.